மூன்று மாத இலவசப் பயிற்சியில் தம்பியைச் சேர்க்கலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் ஒருமுறை திருப்பிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமம். தம்பிக்கு 19 வயது. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு வருடமாக அப்பாவோடு வயலுக்குப் போய் வருகிறான். ஊரில் ஒரு பயிற்சி மையத்துக்காரர்கள் வந்து ஆள் சேர்த்தார்கள். மூன்று மாதம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் இலவசம், முடித்ததும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் 15,000 ரூபாய் சம்பளம் என்றார்கள். மாமா "ஐ.டி.ஐ.தான் உருப்படி" என்கிறார். அம்மா "ஊரிலேயே ஏதாவது கற்றுக்கொண்டால் போதும்" என்கிறார். கடைசியில், சித்தி மகளை நூற்பாலைக்குப் பயிற்சி என்று கூப்பிடுவதையும் எழுதியிருக்கிறீர்கள். "இந்தச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டா?" என்று கேட்டு முடித்திருக்கிறீர்கள். ஆனால் நடுவில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் நிஜமான கேள்வி என்று எனக்குப் படுகிறது. பக்கத்துத் தெருப் பையன் இதே மாதிரி வேலைக்குப் போய் நாலே மாதத்தில் திரும்பிவிட்டான், தம்பியும் அப்படி வந்து நின்றால் என்ன செய்வது என்ற பயம்.

நான் ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவில் பயிற்றுநராக இருந்தவன். பிறகு கிராமத்துப் பிள்ளைகளுக்கான குறுகிய காலப் பயிற்சி மையங்களில் பல வருடம் இருந்தேன். பயிற்சி முடித்தவர்களை வேலைக்கு அனுப்பி, போன இடத்தில் எப்படி இருக்கிறார்கள் என்று பார்த்துவருவது என் பொறுப்பு. அதில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த ஒன்று உண்டு. ஊருக்குத் திரும்பும் பிள்ளைகளில் பெரும்பாலோர் வேலை தெரியாமல் திரும்புவதில்லை. வேலைக்குப் போன முதல் சில மாதங்களில், கையில் காசில்லாமல், தங்குமிடம் சரியில்லாமல், பேச ஆளில்லாமல் மனம் விட்டுப்போய்த் திரும்புகிறார்கள். அதனால் எந்தக் கோர்ஸ் நல்ல கோர்ஸ் என்று தேடுவதைவிட, கோர்ஸ் முடிந்த மறுநாளிலிருந்து தம்பிக்கு என்ன நடக்கும் என்று விசாரியுங்கள். கீழே எழுதுவதெல்லாம் அந்த விசாரணைக்கு உதவத்தான்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் அது மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகத்தின் தீன்தயாள் உபாத்யாயா கிராமின் கௌசல்யா யோஜனாவாக இருக்க வாய்ப்பு அதிகம். சுருக்கமாக டி.டி.யு.ஜி.கே.ஒய். என்பார்கள். 2014 செப்டம்பர் 25 அன்று தொடங்கிய திட்டம். கிராமத்து ஏழைக் குடும்பங்களில் 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கானது. பெண்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றவர்களுக்கு 45 வரை தளர்வு உண்டு. தமிழ்நாட்டில் இதை மாநில ஊரக வாழ்வாதார இயக்கம் கவனிக்கிறது, மாவட்டத்தில் மகளிர் திட்ட அலுவலகம்தான் பொறுப்பு. பயிற்சியை அரசு நேரடியாக நடத்துவதில்லை, ஒப்புதல் பெற்ற நிறுவனங்கள் நடத்துகின்றன. பயிற்சி பெற்றவர்களில் குறைந்தது 70 சதவீதம் பேரை வேலையில் அமர்த்த வேண்டும் என்பது விதி. ஒருவர் தொடர்ந்து மூன்று மாதம் சம்பளம் வாங்கினால்தான் வேலையில் அமர்ந்ததாகவே கணக்கு. மையத்துக்கு அரசுப் பணமும் தவணை தவணையாக, இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் வரும்.

இந்த ஏற்பாட்டில் ஒரு நல்லதும் ஒரு கெட்டதும் இருக்கிறது. மையம் உங்கள் தம்பியை எப்படியாவது ஒரு வேலையில் சேர்த்துவிடும், அதில் எனக்குச் சந்தேகம் குறைவு. அவர்களுக்கே அது தேவை. ஆனால் அவர்களுடைய கணக்கு மூன்றாவது மாதச் சம்பளச் சீட்டோடு பெரும்பாலும் தீர்ந்துவிடும். உங்கள் வீட்டுக் கணக்கு அங்கேதான் ஆரம்பமாகிறது. பக்கத்துத் தெருப் பையன் சரியாக நாலாவது மாதம் திரும்பியிருக்கிறான் என்றீர்களே, எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. அவனை ஒரு நாள் உட்காரவைத்துப் பேசுங்கள். என்ன வேலை, எவ்வளவு கைக்கு வந்தது, எங்கே தங்கினான், எந்த நாள் கிளம்பினான், ஏன் கிளம்பினான் என்று கேளுங்கள். கேலிக்குப் பயந்து ஊரில் வேறு காரணம் சொல்லியிருப்பான், தனியாகக் கேட்டால் நிஜத்தைச் சொல்வான்.

அந்த 15,000 ரூபாயைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். இது கைக்கு வரும் தொகையா, அல்லது சி.டி.சி. என்று சொல்லும் கம்பெனியின் மொத்தச் செலவா என்று மையத்தில் கேளுங்கள். ஆள் சேர்க்க வருபவர்கள் பல நேரம் சொல்வது இரண்டாவதைத்தான். அதற்குள் கம்பெனி கட்டும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பங்கு 12 சதவீதம், அதன் மேல் நிர்வாகச் செலவு, காப்பீடு என்று ஏறக்குறைய ஒரு சதவீதம், இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) பங்கு 3.25 சதவீதம் எல்லாம் அடங்கியிருக்கும். அப்புறம் தம்பியின் சம்பளத்திலிருந்து பி.எஃப்.புக்கு 12 சதவீதமும் இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதமும் பிடிப்பார்கள். முழுச் சம்பளத்துக்கும் பிடித்தம் உண்டு என்று வைத்துக்கொண்டால், 15,000 என்று சொன்னது சம்பளமாக 12,900 ஆகி, கைக்கு வரும்போது 11,250 சுமாருக்கு இறங்கிவிடும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. பி.எஃப். பணம் அவன் பெயரில்தான் சேர்கிறது, உடம்புக்கு முடியாவிட்டால் இ.எஸ்.ஐ. மருத்துவமனை உண்டு. ஆனால் 15,000 வரும் என்று நம்பி, வீட்டுக்கு எட்டாயிரம் அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிற பையன் முதல் மாதமே தலைகுனிந்து நிற்கிறான். அறை வாடகையும் சாப்பாடும் அந்தப் பதினொன்றே காலில்தான் போக வேண்டும். கம்பெனி பஸ்ஸும் கேன்டீன் சாப்பாடும் உண்டா என்பது அதனால்தான் சம்பளத்தைப் போலவே முக்கியம்.

இன்னொன்று, எல்லோரும் மறப்பது. ஒன்றாம் தேதி வேலையில் சேர்ந்தால் முதல் சம்பளம் அடுத்த மாதம் 7 அல்லது 10ஆம் தேதிவாக்கில்தான் வரும். அந்த நாற்பது நாள் அவன் எதை வைத்துச் சாப்பிடுவான்? அறைக்கு அட்வான்ஸ் எங்கிருந்து கொடுப்பான்? திட்ட விதியில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு இருக்கிறது. வேலையில் சேர்ந்தபின் மாதம் 1,000 ரூபாய் வீதம், சொந்த மாவட்டத்துக்குள் வேலை என்றால் இரண்டு மாதம், மாநிலத்துக்குள் என்றால் மூன்று மாதம், வெளிமாநிலம் என்றால் ஆறு மாதம் உதவித்தொகை உண்டு. அது போதாது, சேர்ந்தவுடனே கைக்கு வரும் என்றும் நம்பி உட்கார முடியாது. அதனால் வீட்டிலிருந்து ஒரு தொகையைத் தனியாக எடுத்துவைத்துவிட்டுத்தான் பையனை அனுப்ப வேண்டும். நான் மையத்தில் இருந்தபோது பெற்றோர் கூட்டத்தில் முதலில் பேசியது இதைத்தான். அப்படித் தயாராக வந்த பிள்ளைகள்தான் அதிகமாக வேலையில் நிலைத்தார்கள்.

தனியாகப் போகிறவனைவிட, ஒரே பேட்ச் பையன்கள் மூன்று நாலு பேராக ஒரே அறையில் தங்குகிறவர்கள் வேலையில் நிலைக்கிறார்கள். இது புள்ளிவிவரம் இல்லை, நான் கண்ணால் பார்த்தது, ஆனால் இதில் எனக்கு உறுதி உண்டு. ஒருவன் நைட் ஷிப்ட் முடித்து வரும்போது இன்னொருவன் சோறு வைத்திருப்பான். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் மற்றவன் மருந்து வாங்கி வருவான். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்ப்பது கிராமத்துப் பையனுக்கு உடலளவில் பெரிய பாடு இல்லை, வயலில் அதைவிடக் கஷ்டப்பட்டவன்தான். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. நினைத்த நேரத்தில் வெளியே போக முடியாது, போன் கையில் இருக்காது, சூப்பர்வைசர் பத்துப் பேர் எதிரில் திட்டுவார். இதற்குப் பழகும் முன்பே பொங்கல் வந்துவிட்டால், ஊருக்கு வந்த பையன் திரும்பிப் போவது சந்தேகம். சேருகிற மாதத்தைக்கூட இதைப் பார்த்து முடிவு செய்யலாம்.

யார் பெயரில் வேலை என்பதையும் கேளுங்கள். பெரிய கம்பெனியின் பெயரைச் சொல்லி அழைத்துப்போவார்கள், பணி ஆணை ஒரு ஒப்பந்த நிறுவனத்தின் பெயரில் வரும். அது சட்டவிரோதம் இல்லை, அந்தப் பகுதியில் நிறைய வேலைகள் அப்படித்தான் நடக்கின்றன. ஆனால் ஆர்டர் குறைந்தால் முதலில் வெளியே அனுப்பப்படுவது அவர்கள்தான். சில இடங்களில் அப்ரண்டிஸ் என்று எடுப்பார்கள். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி எடுத்தால் கிடைப்பது உதவித்தொகைதான், சம்பளம் ஆகாது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. இருக்காது, முடிந்தபின் வேலை தருவது கம்பெனியின் விருப்பம். தெரிந்தே போனால் அது நல்ல வாய்ப்பு, நிரந்தர வேலை என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்.

சரி, சான்றிதழுக்கு வருவோம். மூன்று மாதப் பயிற்சியின் முடிவில் வெளி மதிப்பீட்டாளர் வந்து தேர்வு வைத்து, தேசிய திறன் தகுதிக் கட்டமைப்பில் ஒரு நிலை குறிப்பிட்டுச் சான்றிதழ் தருவார்கள். அது போலி கிடையாது. ஆனால் அதை மட்டும் காட்டி இரண்டாவது வேலை வாங்கிய பையன்களை நான் பார்த்தது மிகக் குறைவு. அசெம்பிளி லைன் வேலையைக் கம்பெனியே சில நாட்களில் சொல்லிக்கொடுத்துவிடும். அவர்கள் பார்ப்பது பிளஸ் டூ மார்க் ஷீட்டையும் வயதையும், இதற்கு முன் எங்கே எவ்வளவு நாள் நின்றான் என்பதையும்தான். எனவே அந்த மூன்று மாதத்தில் அவனுக்குக் கிடைக்கும் பெரிய லாபம் கம்ப்யூட்டர் தொட்டுப் பழகுவது, நாலு வார்த்தை ஆங்கிலம் பேசக் கூச்சம் விடுவது, ஹாஸ்டல் வாழ்க்கைக்குப் பழகுவது. இவற்றை நான் சின்ன விஷயமாகச் சொல்லவில்லை. ஊரை விட்டு வெளியே தங்கியிராத பையனுக்கு இது பெரிய படி.

ஐ.டி.ஐ.யில் கிடைக்கும் தேசியத் தொழிற்சான்றிதழ் இதிலிருந்து வேறுபட்டது. ரயில்வேயின் உதவி லோகோ பைலட், மூன்றாம் நிலை டெக்னீஷியன் பணிகளுக்கு ஐ.டி.ஐ. தகுதியாகக் கேட்கப்படுகிறது. டி.என்.பி.எஸ்.சி.யும் டிப்ளமோ, ஐ.டி.ஐ. நிலைப் பணிகளுக்கென்று தொழில்நுட்பப் பணித் தேர்வு நடத்துகிறது. குறுகிய காலச் சான்றிதழை வைத்து இந்தக் கதவுகளைத் தட்ட முடியாது. மாமா சொல்வதில் அந்த அளவுக்கு முழு நியாயம் இருக்கிறது.

செலவைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டில் அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, ஷூ, பாடநூல், வரைபடக் கருவி, பஸ் பாஸ் ஆகியவை உண்டு. 6ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்த மாணவர்களுக்கு, 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தருகிறார்கள், ஐ.டி.ஐ.யும் அதில் சேரும். தம்பிக்குப் பொருந்துமா என்று சேரும்போதே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். பெண்களுக்கு இதே மாதிரி புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலிருந்தே இருக்கிறது. வெல்டர் ஒரு வருடம், எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், ஏ.சி. மெக்கானிக் பிரிவுகள் இரண்டு வருடம். 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து நவீனமாக்கும் ஒப்பந்தம் 2022இல் போடப்பட்டது. ரோபாட்டிக்ஸ், சி.என்.சி. (கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் ஓடும் இயந்திரங்கள்) போன்ற புதுப் பிரிவுகள் அதன்பின் வந்தவை. உங்கள் பக்கத்து ஐ.டி.ஐ. அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று நேரில் போனால் தெரிந்துவிடும்.

தம்பி பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல் உள்ள பிரிவோ தொழிற்பிரிவோ படித்திருந்தால் இன்னொரு வழியும் உண்டு. பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்து இரண்டே வருடத்தில் டிப்ளமோ முடிக்கலாம். இரண்டு வருட ஐ.டி.ஐ.க்கும் இதற்கும் காலம் ஒன்றுதான். படிப்பில் ஓரளவு பிடிப்புள்ள பையன் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். கணக்கைக் கண்டாலே ஓடுகிறவன், கை வேலையில் சுறுசுறுப்பு என்றால் ஐ.டி.ஐ.

எங்கே சேர்த்தாலும் சேர்க்கும் முன் நேரில் போய்ப் பட்டறையைப் பாருங்கள். வரவேற்பறையில் மாட்டியிருக்கும் போட்டோக்களைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். என் தொழிலை வைத்தே சொல்கிறேன். வெல்டிங் பட்டறைக்குள் நுழைந்ததும் நான் மிஷினைப் பார்ப்பதில்லை, தரையைப் பார்ப்பேன். வெல்டிங் ராடு முழுசாக எரியாது. பிடிப்பானுக்குள் இருக்கும் இரண்டு அங்குலம் போல மிஞ்சும், அதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புது ராடு மாட்டுவோம். பிள்ளைகள் நிஜமாகவே பழகுகிற பட்டறையில் அந்த அடிக்கட்டைகள் டப்பா டப்பாவாகச் சேர்ந்திருக்கும். சுத்தியலால் தட்டி எடுத்த கசடு மேஜையடியில் கருப்பாகக் கிடக்கும். இரண்டு பக்கமும் கோடு கோடாக வெல்டிங் வைத்து இனி இடமே இல்லாமல் போன இரும்புப் பட்டைகள் மூலையில் குவிந்திருக்கும். முதல் வாரத்தில் ராடு பட்டையோடு ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் வராது, பையன் பயப்படுவான். ராடு முனைக்கும் பட்டைக்கும் நடுவே ராடின் கம்பி கனத்துக்கு, அதாவது மூன்று மில்லிமீட்டர் போல, இடைவெளி விட்டுப் பிடிக்க வேண்டும். ராடு எரிந்து குறைந்துகொண்டே வரும்போது கையும் அதே வேகத்தில் இறங்க வேண்டும். சரியாகப் பிடித்தால் அப்பளம் பொரிகிற மாதிரி ஒரே சீராகச் சத்தம் வரும். அந்தச் சத்தத்தைக் காது பிடித்துக்கொள்ள நூற்றுக்கணக்கான ராடு எரித்தாக வேண்டும், வேறு வழியே இல்லை. ராடுக்குக் காசு செலவழிக்க மனமில்லாத மையத்தில் பையன்கள் நோட்டில் படம் வரைந்துகொண்டு இருப்பார்கள். மிஷின் மேல் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் பளபளவென்று இருந்தால் சந்தேகப்படுங்கள்.

எலக்ட்ரானிக்ஸ் என்றாலும் இதேதான். சால்டரிங் அயர்ன் முனைகள் கருத்துத் தேய்ந்திருக்கின்றனவா, பழகிப் பழகிக் கெட்டுப்போன போர்டுகள் இருக்கின்றனவா, ஒரு அயர்னுக்கு எத்தனை பேர், உடம்பின் நிலைமின்சாரம் போர்டைக் கெடுக்காமல் இருக்கக் கையில் கட்டும் பட்டை உபயோகத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வகுப்பு நடக்கும் நேரத்தில், சொல்லாமல் போவது நல்லது. அங்கே இருக்கும் பிள்ளைகளிடம் "நேற்று என்ன செய்தீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.

அம்மா சொல்லும் வழிக்கும் ஓர் இடம் இருக்கிறது. ஆர்செட்டி என்று அழைக்கப்படும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம், மாவட்டத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வங்கிகள் நடத்துவது. 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தர்மஸ்தலா அறக்கட்டளையும் சிண்டிகேட், கனரா வங்கிகளும் சேர்ந்து தொடங்கிய நிலையம்தான் இதற்கு முன்மாதிரி. 18 வயது முடிந்தவர்களுக்குத் தங்குமிடம், சாப்பாட்டோடு இலவசப் பயிற்சி. செல்போன் சர்வீஸ், டூ வீலர் மெக்கானிக், வயரிங், தையல், ஆடு வளர்ப்பு, பால் மாடு என்று பல பிரிவுகள், பெரும்பாலும் பத்து நாள் முதல் நாற்பத்தைந்து நாள் வரை. முடித்தபின் இரண்டு வருடம் வரை தொடர்பில் இருந்து, கடன் வாங்கவும் தொழில் தொடங்கவும் வழிகாட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. நான் பார்த்தவரை பயிற்றுநர்கள் அக்கறையானவர்கள், வருகைப்பதிவு கறாராக இருக்கும்.

ஆனால் முப்பது நாளில் யாரும் மெக்கானிக் ஆகிவிட முடியாது. இந்தப் பயிற்சியால் நிஜமாகப் பலன் அடைந்தவர்கள் ஏற்கெனவே கொஞ்சம் கை பழகியவர்கள்: யாராவது ஒரு மெக்கானிக்கிடம் இரண்டு வருடம் இருந்தவன், வீட்டில் தையல் மிஷின் வைத்துத் தைத்துக்கொண்டிருந்த பெண், சொந்தமாக நாலு ஆடு வைத்திருந்தவர். அவர்களுக்குக் கணக்கு எழுதுவதும், வாடிக்கையாளரிடம் பேசுவதும், வங்கிக்குள் தைரியமாக நுழைவதும் இந்தப் பயிற்சியால் வந்தது. கடன் பக்கம், சுயதொழில் தொடங்குவோருக்கான பிரதமரின் பி.எம்.இ.ஜி.பி. கடன் திட்டத்தில் கிராமப்புறத்தில் திட்ட மதிப்பில் 25 சதவீதம் மானியம், பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் போன்றவர்களுக்கு 35 சதவீதம் உண்டு. அந்த மானியம் உடனே கைக்கு வராது. மூன்று வருடம் வங்கியில் வைப்பாக இருந்து, தொழில் ஓடினால்தான் கடனில் கழியும். 19 வயதில், கையில் தொழில் நிற்காமல், மானியத்தைப் பார்த்துக் கடன் வாங்குவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஊரிலேயே இருக்க வேண்டும் என்று தம்பியும் விரும்பினால், முதலில் பக்கத்து டவுனில் நல்ல மெக்கானிக் அல்லது எலக்ட்ரீஷியனிடம் ஒன்றிரண்டு வருடம் இருக்கட்டும். ஆர்செட்டி அதற்குப் பிறகு.

சித்தி மகள் விஷயம் கொஞ்சம் அவசரம். கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில், மூன்று வருடம் முடித்தால் மொத்தமாக ஒரு தொகை என்று சொல்லி இளம்பெண்களை அழைத்துப்போய், பயிற்சியாளர் என்றே குறைந்த கூலி கொடுத்து வேலை வாங்கியது ஊரறிந்த விஷயம். பாதியில் நின்றவர்களுக்கு அந்தத் தொகையும் கிடைக்காமல் போனது. எல்லா ஆலைகளும் அப்படி என்று நான் சொல்லவில்லை, முறையாக நடத்தும் ஆலைகளிலும் எங்கள் பிள்ளைகள் வேலை பார்த்திருக்கிறார்கள். ஆனால் சம்பளம் மாதாமாதம் அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு வருமா, பி.எஃப். எண் உண்டா, விடுதிக்கு 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவும் உரிமமும் இருக்கிறதா, வாரவிடுமுறையில் வெளியே போகலாமா, எப்போது வேண்டுமானாலும் வீட்டுக்குப் போன் செய்யலாமா என்ற கேள்விகளுக்கு நேரான பதில் வராவிட்டால் அனுப்பாதீர்கள். மூன்று வருடம் கழித்து மொத்தப் பணம் என்ற பேச்சு வந்தாலே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அவளுக்கு 18 ஆகவில்லை என்றால் படிப்புதான், அரசு ஐ.டி.ஐ.யில் பெண்களுக்கு வயது உச்சவரம்பே கிடையாது. அங்கே போய் ஏதாவது சிக்கல் என்றால் பெண்களுக்கான உதவி எண் 181, சிறுவர்களுக்கு 1098. இரண்டையும் அவள் மனப்பாடமாக வைத்திருக்கட்டும்.

என் அபிப்பிராயத்தைக் கேட்டால் இப்படிச் சொல்வேன். தம்பியின் வருமானம் இல்லாமல் இன்னும் இரண்டு வருடம் வீடு ஓடும் என்றால் ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோ. எலக்ட்ரீஷியன், ஏ.சி. மெக்கானிக் இரண்டுக்கும் டவுனிலும் வேலை உண்டு, பின்னால் ஊருக்கு வந்தாலும் கைத்தொழிலாக நிற்கும். முடித்த கையோடு ஒரு வருடம் ஒழுங்கான கம்பெனியில் அப்ரண்டிஸ் போகட்டும். 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனங்கள் அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும் என்பது சட்டம், அதனால் இடம் கிடைக்கும். வீட்டுக்கு இப்போதே பணம் வேண்டும் என்ற நிலை என்றால், மேலே சொன்னதையெல்லாம் விசாரித்துவிட்டு மூன்று மாதப் பயிற்சிக்கே அனுப்புங்கள், தப்பில்லை. ஒன்றில் போனால் மற்றது மூடிவிடும் என்ற பயம் வேண்டாம். தமிழ்நாட்டு ஐ.டி.ஐ.யில் ஆண்களுக்கு 40 வயது வரை இடம் உண்டு. இரண்டு வருடம் கம்பெனியில் இருந்துவிட்டு 21 வயதில் ஐ.டி.ஐ.க்கு வந்த பையன்கள் என் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். எதற்காகப் படிக்கிறோம் என்று தெரிந்து படித்தவர்கள் அவர்கள்.

அந்தக் குறிப்பிட்ட மையம் நல்லதா கெட்டதா என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. ஒரே நிறுவனம் ஒரு மாவட்டத்தில் நன்றாக நடத்தும், இன்னொன்றில் கோட்டைவிடும், எல்லாம் அங்கே இருக்கும் இரண்டு மூன்று பேரைப் பொறுத்தது. மையத்தில் போன பேட்ச் பிள்ளைகளில் ஐந்து பேரின் போன் நம்பர் கேளுங்கள். அவர்களாகப் பொறுக்கிக் கொடுக்கும் ஐந்து பேர் வேண்டாம், வருகைப்பதிவேட்டில் நீங்கள் விரல் வைத்துக் காட்டும் பெயர்களாக இருக்கட்டும். தர மறுத்தால் அதுவே பதில். மகளிர் திட்ட அலுவலகத்தில் அந்த மையத்தின் பெயரைச் சொல்லி, நடப்பில் ஒப்புதல் இருக்கிறதா என்று கேளுங்கள், சொல்வார்கள். இந்தத் திட்டத்தில் மாணவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது, யூனிபார்முக்கு, தேர்வுக்கு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் தராதீர்கள். மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எதையும் அசலாகக் கொடுத்துவிட்டு வராதீர்கள். சரிபார்த்துவிட்டு அங்கேயே திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள், நகல் போதும்.

கடைசியாக ஒன்று. நீங்கள் எழுதியதில் மாமா என்ன சொல்கிறார், அம்மா என்ன சொல்கிறார், ஊரில் என்ன பேசுகிறார்கள் எல்லாம் இருக்கிறது. தம்பி என்ன சொல்கிறான் என்று ஒரு வரிகூட இல்லை. வீட்டாரின் நச்சரிப்பு தாங்காமல் வந்து சேர்ந்த பிள்ளைகள்தான் முதல் கஷ்டத்திலேயே பையைத் தூக்கினார்கள். அவனையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் ஐ.டி.ஐ., ஒரு நாள் அந்த மையம் இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். அவன் எந்த மேஜை முன்னால் அதிக நேரம் நிற்கிறான் என்று கவனியுங்கள். பிளஸ் டூவில் என்ன பிரிவு, வீட்டில் அவன் வருமானம் எவ்வளவு அவசரம், பக்கத்துத் தெருப் பையன் என்ன சொன்னான் என்ற மூன்றையும் கீழே எழுதுங்கள், எந்தப் பிரிவு, எந்த மாதம் சேருவது என்று இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.